தூய்மையும் வன்மையும்

மாசு நீக்குவோர் வன்மையைக் கையாளலாமா? இவ்வினாவிற்கு விடை காண, ஒரு பழைய மோட்டார் வண்டியின் துணிக்கூரையை எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மனியின் ஓஸ்னாபுரூக் நகரில் கார்மன் நிறுவனத்தார், 1949 முதல் 1980 வரை, மடக்குக் கூரை கொண்ட ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வண்டிகளைச் செய்தனர். இன்றும் அவற்றைப் பேணுவோர் உளர். இத்தகைய வண்டிகளின் கூரைத்துணியில் தூசியும் பறவை எச்சமும் படியும். ஈரம் தங்கின் பூசணமும் தோன்றும்.

பிளீச்சிங் பவுடர் கரைசல் கறையை விரைவில் அகற்றும். ஆனால் தையல் நூல் நலியும், சாயம் வெளிறும். முரட்டுத் தூரிகை இழைகளைப் பிரிக்கும். மாசுடன் பொருளும் தேயுமாயின் அதனைத் தூய்மை என்பது எங்ஙனம்? முதலில் தூசியை உலர்நிலையில் தட்டி, மிதமான சோப்பு நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு தேய்த்து, சோப்பு எஞ்சாதவாறு அலசுதலே முறை. வெயிலால் வெளிறிய நிறமோ மாசன்று, முதுமையின் அடையாளம்.

"மென்மை பூசணத்தை வெல்லுமா?" எனச் சிலர் வினவுவர். முற்றிய கறை முழுதும் போகாதிருக்கலாம். ஆயினும் அதன் தோற்றுவாய் எது? நனைந்த கூரையை உலர்த்தாமல் மடித்துவைத்த சோர்வன்றோ? நன்கு உலர்ந்தபின் மடித்திருந்தால் பூசணம் தோன்றியிராது. தோன்றிய உயிரை அழிக்கும் நஞ்சும் வேண்டியிராது. முன்னர் விழிப்பின்றி இருந்தோர், பின்னர் அதற்கான தண்டத்தைத் துணியின்மேல் சுமத்துகின்றனர்.

பிள்ளைகளைத் திருத்துவதிலும் இந்நெறியே பொருந்தும் என்பது நம் துணிபு. நாள்தோறும் சிறிது கவனித்தவர்க்கு, ஒருநாள் பிரம்பெடுக்க நேராது.