ஊசிமுனையில் ஒரு கைங்கர்யம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



இவ்வுத்ஸவத்தை முன்னிட்டுச் சாத்தான்குளம் வந்து எம்பெருமானை ஸேவிக்கும் அன்பர்களுள் கால்வலி இல்லாதார் மிகச் சிலரே. ஸந்நிதியில் நின்று நின்று அர்ச்சகர்களாகிய எங்கள் முழங்கால்களும் தேய்ந்துபோகின்றன. ஆகவே இவ்வாண்டு மலருக்கு வலியையும், அதைத் தீர்க்க முன்வருவோரின் கைங்கர்யத்தையும் பற்றி விண்ணப்பிக்க எண்ணினேன். இதில் அடியேனுடைய குற்றமொன்றும் அடங்கியிருக்கிறது. அதை மறைத்து உபதேசம் செய்வது முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மூருக்கு அருகே தேரிக்காட்டு ஓரத்திலுள்ள ஒரு சிற்றூரில், அக்குபங்சர் எனப்படும் ஊசிச் சிகிச்சையை இலவசமாகச் செய்யும் முகாம் நடந்தது. சிகிச்சை செய்தவர் வெளியூரிலிருந்து தம் செலவிலேயே வந்திருந்த ஓர் அம்மையார். அடியேனும் முழங்கால் வலியோடு சென்றேன். வரிசை நீண்டிருந்தது. "உச்சிக்கால பூஜைக்குப் போகவேண்டும், என்னை முதலில் பாருங்கள்" என்றேன். எனக்கு முன்னே இருந்தவர் பனையேறும் தொழில் செய்து முதுமையடைந்தவர். அவர் உடனே எழுந்து, "சாமி உட்காரட்டும் தாயி, நான் பிறகு வாறேன்" என்று ஒதுங்கினார். அம்மையாரோ, "சாமி, இந்த ஐயா விடியற்காலையிலேயே வந்தவர். இவரைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கிறேன்" என்று பணிவாகவே சொன்னார். எனக்குக் கோபம் மூண்டது. ஆயினும் நின்றேன்.

அவ்வம்மையார் தரையில் அமர்ந்து, பனங்கருக்குக் கிழித்துக் காய்ப்பேறிய அம்முதியவரின் பாதத்தைத் தம் மடிமீது வைத்துக்கொண்டார். பெருவிரலின் கீழே ஆறாத புண்ணொன்று இருந்தது. அதைச் சுற்றித் தொட்டுத் தொட்டு, "உணர்ச்சி தெரிகிறதா?" என்று வினவினார். தெரியவில்லை என்றார் அவர். அம்மையார் எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, இது என் ஊசியால் ஆறுவதன்று. இரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சீட்டெழுதி, உடன் செல்ல ஓர் இளைஞரையும் அனுப்பினார்.

அன்பர்களே, அடியேன் நாள்தோறும் உங்கள் சிரஸில் சடாரி ஸாதிக்கிறேன். சடாரி என்பது எம்பெருமானின் திருவடி நிலை. அதுவே நம் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த சடகோபரின் திருநாமமும் தாங்கியது. திருவடிப் பெருமையை வாயாரப் பேசும் அடியேன், ஓர் அடியாரின் அடியை அதுவரை ஏறிட்டும் பார்த்ததில்லை. பேசாத அவ்வம்மையார் அதை மடியில் ஏந்தினார். அன்று வெட்கத்தோடு வரிசையின் கடைசிக்குச் சென்று அமர்ந்தேன்.

இச்சிகிச்சை சீன தேசத்தில் தோன்றியது. மயிரிழை போன்ற ஊசிகளை உடலில் குறித்த இடங்களில் ஏற்றிச் சிறிது நேரம் விட்டு எடுப்பார்கள். அத்தகைய இடங்கள் 361 என்று வகுத்திருக்கிறார்கள். நம் ஸுச்ருத ஸம்ஹிதை கூறும் 107 மர்மங்களும் இவையும் ஒன்றே என்பார் உளர். மர்மம் என்பது காயம்படாது காக்கவேண்டிய இடம். ஊசிக்குரிய இடமோ வேறு நோக்கத்தால் வகுக்கப்பட்டது. ஆகவே இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசவேண்டுவதில்லை.

இக்கலை பாரத தேசத்திற்கு வந்த வரலாறே ஒரு கைங்கர்ய வரலாறு. ஜப்பானியப் படையெடுப்பால் சீனம் துயருற்றபோது, காங்கிரஸ் மகாசபை ஐந்து மருத்துவர்களை அங்கே அனுப்பியது. 1938 செப்டம்பரில் அவர்கள் பம்பாயில் கப்பலேறினர். அவர்களுள் ஒருவர் பண்டரிநாதன் எழுந்தருளியிருக்கும் சோலாப்பூர் சீமையைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ். காயமுற்ற வீரர்களுக்கு ரணசிகிச்சை செய்தபடியே அவர் 1942 டிசம்பர் 9ஆம் நாள், 32ஆம் வயதில் அங்கேயே பரமபதித்தார். உடன் சென்றவர்களுள் மற்றொருவர் வங்காளத்தைச் சேர்ந்த விஜயகுமார் பாசு. அவர் 1958இல் மீண்டும் சீனம் சென்று ஊசிச் சிகிச்சையைக் கற்றுத் திரும்பி, கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். மறைந்த தோழரின் பெயரால் அமைந்த நினைவுக் குழுவின் வாயிலாக அதைப் பிறருக்கும் பயிற்றுவித்தார். கொடுக்கப் போன இடத்தில் பெற்றுவந்ததையும் கொடுத்துவிட்டார்.

அவ்வழி அறுந்துபோகவில்லை. பெல்ஜியம் நாட்டவர் ஒருவர் தொடங்கிய 'பேர்ஃபுட் அக்குபங்சரிஸ்ட்ஸ்' என்னும் அமைப்பு மும்பையின் சேரிகளில் எளியோருக்குச் சிகிச்சை செய்தது. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சிதைத்தபின், அங்கே சென்ற ஊசிச் சிகிச்சையாளர்கள் வீடிழந்தோரை ஒன்றாக உட்காரவைத்து, அச்சமும் உறக்கமின்மையும் தணிய அவர்களின் காதுமடல்களில் சிறு ஊசிகள் ஏற்றினார்கள். மீட்புப்பணி செய்தோரும் அவர்களோடு அமர்ந்தனர். தீர்த்த கோஷ்டியில் எல்லோரும் கைநீட்டி நிற்பது போன்ற காட்சியன்றோ இது! முக்திநாதமும் சாளக்கிராமம் தரும் கண்டகி நதியும் உடைய நேபாள நாட்டின் மலைக்கிராமங்களிலும் இத்தகைய தொண்டர்கள் பணிபுரிந்திருக்கிறார்கள்.

இது நம் ஸம்ப்ரதாயத்திற்குப் புதிதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் ஒரு கல்வெட்டு உள்ளது. வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்தது. கோயிற் பணியாளருக்கும் அங்கே பயின்ற மாணாக்கருக்குமாக 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலசாலை நடந்ததையும், அதில் மருத்துவரும், சல்லியக்கிரியை செய்வோரும், மருந்து காய்ச்சும் பெண்டிரும் இருந்ததையும் அது கூறுகிறது. பெருமாளின் மதிலுக்குள்ளேயே நோயாளிக்குப் படுக்கை விரித்தனர் நம் முன்னோர்.

குருபரம்பரையில் மாறனேரி நம்பியின் சரிதத்தையும் நினையுங்கள். ஆசாரியரான ஆளவந்தாரின் ராஜபிளவை நோயைத் தமக்குப் பிரஸாதமாகத் தரவேண்டுமென்று வேண்டிப் பெற்றவர் அவர். குலத்தைக் காட்டி உலகம் அவரை விலக்கியபோது, பெரிய நம்பி அவரைப் பேணி, அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபின் சரமகைங்கர்யமும் தாமே செய்தார். ஊரார் பழித்தனர். பெரிய நம்பி கலங்கவில்லை. இச்சரிதத்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் அதன் பொருள் எனக்கு விளங்கியது, அம்முதியவரின் புண்ணை அந்த அம்மையார் தொட்டுப் பார்த்த நாளில்தான்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இச்சிகிச்சையால் மூட்டுவலி, இடுப்புவலி, தலைவலி ஆகியவை தணிவதுண்டு என்கிறார்கள். ஆனால் "எல்லா நோயும் தீரும், மருந்தையெல்லாம் நிறுத்துங்கள்" என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். சர்க்கரைக்கும் காசத்துக்கும் உரிய மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும். இலவசம் என்பதற்காகப் பழைய ஊசிக்கும் உடம்பைக் கொடாதீர்கள். ஒருவருக்கு இட்ட ஊசியை மற்றவருக்கு இடலாகாது. தன்னால் ஆகாததை ஆகாது என்று சொல்லி ஊசியைக் கீழே வைத்தாரே அந்த அம்மையார், அதுவும் கைங்கர்யமே. தன் பெருமையைக் காட்டுவதற்காகச் செய்யும் உபகாரம், இலவசமாயினும் வியாபாரமே.

ஜீவன் எம்பெருமானுக்குச் சேஷபூதன் என்பது நம் ஸித்தாந்தம். ஜீவனே அவன் உடைமையென்றால், அவன் கைவித்தை மட்டும் யாருடையது? வைத்தியர் ஊசியும், தையற்காரர் ஊசியும், நாவிதர் கத்தியும், ஆசிரியர் கற்ற கல்வியும் அவனுடையனவே. மாதத்தில் ஒரு நாளேனும் உங்கள் தொழிலைக் கூலி வாங்காமல் எளியோருக்குச் செய்யுங்கள். இவ்வுத்ஸவத்திலேயே அதைத் தொடங்கலாம். வரிசையில் தளர்ந்து நிற்கும் முதியவருக்கு உங்கள் இடத்தைக் கொடுங்கள். அர்ச்சகன் இடம் கேட்டாலும் கொடாதீர்கள்!

என் முழங்கால் வலி அன்று சற்றே தணிந்தது, பின்னர் திரும்பியும் வந்தது. அதைப்பற்றிக் குறையில்லை. அம்முதியவர் மருந்து உண்டு புண் ஆறி, மறு உத்ஸவத்தில் தம் காலால் நடந்து ஸேவிக்க வந்தார். அவருக்குச் சடாரி ஸாதித்தபோது அடியேன் கை சற்றே நடுங்கிற்று.

எல்லோரும் நோயற்ற வாழ்வும் தொண்டு செய்யும் நெஞ்சும் பெற எம்பெருமான் அருள்வானாக.

சுபம். மங்களம்.

அடியேன் தாஸன்