கோபமில்லாத தண்டனை

மணலி புதுநகரில் எம் பங்கைச் சேர்ந்த ஒருவர், தகடு வெட்டும் இயந்திரத்தில் வலக்கை விரல்கள் இரண்டை இழந்தார். மருத்துவமனையிலோ, வீட்டுக் கதவிடுக்கில் கை நசுங்கியதாகக் கூறினார். அவ்வாறு சொல்லும்படி எவரும் அவரை மிரட்டவில்லை, மிரட்டத் தேவையுமில்லை. உண்மையைச் சொன்ன ஒருவருக்கு மறுவாரமே நுழைவுச்சீட்டு நின்றுபோனதை அவர் கண்டிருந்தார். காயம் ஆறியபின் அவருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரிடம் சென்று கேட்டேன். "அவன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல சாமி. தேவைப்படும்போது சொல்லி அனுப்பறேன்" என்றார். அவர் கூறியது பொய்யென்று நான் கருதவில்லை.

அதுவே என்னை உறுத்துகிறது. கோபமின்றிப் பழிவாங்குதல் இயலுமா? குருமடத்தில் நாங்கள் பயின்ற அறநெறியியல், செயலை எடைபோடும்போது செய்தவரின் உள்நோக்கத்தையும் ஆராயச் சொல்லும். சட்டமும் ஏறக்குறைய அவ்வழியே சென்றது. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 73ஆம் பிரிவென ஒன்றிருந்தது. நோயுற்றோ காயமுற்றோ சிகிச்சையில் இருக்கும் தொழிலாளியை நீக்குவதையும் தண்டிப்பதையும் அது தடுத்தது.

அப்பிரிவு உரைத்துப் பார்க்கப்பட்டது நம் வடசென்னையிலேதான். பெரம்பூர் பி அண்டு சி ஆலைத் தொழிலாளி ஒருவர் 1957இல் விடுப்பில் ஊர் சென்று, அது முடிந்தும் திரும்பாமல், பின்னர் நோய்ச் சான்றிதழோடு வந்தார். எட்டு வேலை நாட்கள் தொடர்ந்து அனுமதியின்றி வராதவர் தாமே வேலையைவிட்டு விலகியவராவார் என்பது ஆலையின் நிலையாணை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1963இல் தீர்ப்பு ஆலைக்குச் சாதகமாயிற்று: 73ஆம் பிரிவு தடுப்பது தண்டனையை, இங்கு எவரும் தண்டிக்கவில்லை, நிலையாணைப்படி வேலை தானாகவே முடிந்தது.

நீதிபதிகள் சட்டத்தின் சொற்களை நேர்மையாகவே வாசித்திருக்கலாம். நான் வழக்கறிஞன் அல்லேன். ஆனால் ஓங்கிய கையைத் தேடும் கண்ணுக்கு, தானாக மூடிக்கொள்ளும் கதவு குற்றமாகத் தெரிவதில்லை. வெளியே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றே. பார்த்து நிற்கும் மற்றவர்களும் ஒரே பாடத்தைத்தான் கற்கின்றனர்: காயத்தை மறை. காயம் மறைந்தால் விபத்து பதிவேட்டில் ஏறாது. தடுப்புக் கவசமில்லாத அந்த இயந்திரமும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

1993இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், விசாரணையின்றி இவ்வாறு வேலையை முடிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்றது. பெரிய ஆறுதல்தான், பதிவேட்டில் பெயருள்ளவர்களுக்கு. எம் பங்கினர் பலருக்குப் பெயரே ஏறியதில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இவர்களை எட்டுமா என்பதை ஆலை வாயிலில்தான் அறிய வேண்டும்.

நற்செய்தியில் வரும் கை சூம்பிய மனிதரைப் பற்றி, நசரேயர் வழங்கிய நற்செய்தி ஒன்றிலிருந்து புனித எரோணிமுஸ் ஒரு செய்தி தருகிறார். அம்மனிதர் ஒரு கொத்தனாராம். இரந்துண்ணும் இழிவு நேராதிருக்கக் கையைக் குணமாக்குமாறு வேண்டினாராம். அவர் நாடியது பிச்சையை அன்று; தம் தொழிலை.

பங்கின் ஏழைகள் நிதியிலிருந்து எம் நண்பருக்குச் சிறுதொகை அளித்தேன். உறையை இடக்கையால் மேசைமேல் திரும்ப வைத்தார். "எங்கியாவது வேலைக்குச் சொல்லுங்க சாமி." கை எப்படிப் போயிற்று என்று கேட்டால் என்ன சொல்லட்டும் என்றேன்.

"கதவிடுக்குல மாட்டிக்கிச்சுன்னே சொல்லுங்க."