காணாத பணமும் கண்கண்ட தெய்வமும்

வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் கைப்பேசி வழியே பணம் கொடுக்கவும் பெறவும் தயங்குவதை அறியாமை என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அத்தயக்கத்தின் அடியில், புலப்படாத ஒன்றை நம்புவதற்கு எது ஆதாரம் என்னும் பழைய சமயக் கேள்வி இருக்கிறது. காணாத கடவுளை நம்புவோர் காணாத பணத்தை நம்பாதது முரணல்லவா என்று வினவுவோருக்கு, தாம்பரத்துக்குத் தெற்கே, தொழிற்பேட்டைகளுக்கு நடுவில் உள்ள சிங்கப்பெருமாள் கோவிலிலேயே மறுமொழி உண்டு.

அங்கே பாடலாத்ரி என்னும் குன்றைக் குடைந்து அமைத்த குடைவரையில் எழுந்தருளியுள்ள நரசிம்மரின் நெற்றியில் மூன்றாம் கண் உள்ளது. அதை மறைத்திருக்கும் திருமண்காப்பை உயர்த்தி, தீப ஒளியில் அர்ச்சகர் அடியார்களுக்குக் காட்டுகிறார். வைணவ ஆசாரியர்கள் இறைவனுக்குப் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமித்துவம், அர்ச்சை என ஐந்து நிலைகளை வகுத்து, கோயில் திருமேனியாகிய அர்ச்சையிலேயே சௌலப்பியம், அதாவது எவரும் எளிதில் அணுகத்தக்க தன்மை, நிறைந்திருப்பதாகக் கொண்டனர். எங்கும் நிறைந்தவன் என்பதோடு இம்மரபு அமைதியடையவில்லை. அணுகவும் முறையிடவும் ஓர் இடத்தை அது வேண்டியது. இறைவன் எங்கே என்று பகைமையோடு கேட்ட இரணியனுக்குக்கூடத் தூணைப் பிளந்துகொண்டு விடை வந்தது.

பொருளைக் கையாண்டதிலும் கோயில்கள் இந்நெறியைப் பேணின. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயில் காசை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டி செலுத்த ஒப்பியதைப் பதிந்துள்ளன. கடன்பட்டது எந்த ஊர், எதற்காக என்பதைச் சுவரே சொல்லும். நேர்ந்துகொண்ட காசை மஞ்சள் துணியில் முடிந்து வைக்கும் எளிய குடும்பத்தாருக்கும் அம்முடிச்சு, தாம் தந்த வாக்குக்குக் கண்முன் நிற்கும் சாட்சியாகும்.

இன்றைய வங்கிகளுக்கு வந்தால், 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தால் வங்கிக் கணக்குகள் பெருகியது உண்மையே. உலக வங்கியின் ஆய்வுப்படி 2011-இல் இந்தியாவில் வயது வந்தோரில் 35 விழுக்காட்டினரிடமே கணக்கு இருந்தது. 2021-இல் அது 78 விழுக்காடாயிற்று. எனினும் அவ்வாய்வின்படியே, கணக்கு வைத்திருந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஓராண்டு முழுவதும் அதைத் தொடவில்லை. கணக்கைத் திறந்து தருவதும் நம்பிக்கையை ஈட்டுவதும் வெவ்வேறு பணிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவை வேரூன்றியதில், தெருமுனையில் பணத்தை எண்ணித் தந்த முகவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இந்தியாவிலும் வங்கிகள் இத்தகைய இடையாட்களை அமர்த்திக்கொள்ள ரிசர்வ் வங்கி 2006-இல் இசைவளித்தது. ஆனால் செங்கல்லும் சிமெண்டும் சுமந்து தேய்ந்த விரலின் ரேகையை எந்திரம் ஏற்க மறுக்கும்போது, அல்லது கணக்கில் கழிந்த பணம் கைக்கு வராதபோது, அந்த இடையாளும் திரையில் தோன்றும் செய்தியைக் காட்டுவதற்கு மேல் எதுவும் செய்ய இயலாதவராக நிற்கிறார். அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு அது அன்றைய அடுப்பைத் தொடும் இழப்பு. பிழை நேர்ந்தால் தம் ஊரிலேயே, தம் மொழியிலேயே விடை சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பது நியாயமே. அத்தகைய ஒருவரை நியமிக்க வேண்டிய பொறுப்பு வங்கிகளுக்கும் அரசுக்கும் உரியது.