எதிர்ப்பும் ஏந்தலும்

சேலத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு பையன் தண்ணீரில்லாமல் நீந்திக்கொண்டிருந்தான். குறுகிய பெஞ்சில் குப்புறப் படுத்து, எதிரே இருந்த விசிறிச் சக்கரத்தின் கயிறுகளை இரு கைகளாலும் மாறி மாறி இழுத்தான். இடையிடையே தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். சுற்றிலும் காற்றுதானே? எப்படிக் கிடந்தாலும் மூச்சு விடலாமே? அந்தத் தலைத் திருப்பல் என்னை விடமாட்டேனென்கிறது.

இயந்திரத்தின் கணக்கு சரியானதுதான். விசிறியின் வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். தண்ணீரும் கையை அப்படித்தான் தடுக்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1981இல் கான்செப்ட்2 நிறுவனம் இதே காற்றுத் தடையைக் கொண்டு துடுப்புப் பயிற்சி இயந்திரம் செய்தது. நீச்சலுக்கான இயந்திரம் செய்யும் வாசா நிறுவனமும் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் ஏரிகள் உறையும் ஊர். அங்கே இதற்குத் தேவை இருந்தது. நம் பக்கம் தண்ணீர் உறைவதில்லை, இறங்கிக்கொண்டே போகிறது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் 1,000 அடிக்கும் கீழே துளைக்கின்றன. அந்தத் துளையிலிருந்து பயிருக்குத் தண்ணீர் வரலாம். பிள்ளைகள் குதிக்க முடியாது.

நான் நீந்தக் கற்றது அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்றில். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீரிறைத்த பெரிய கிணறு. மாமன் என் முதுகில், மிதப்பதற்காக, காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி இறக்கினார். புருடையை அவிழ்த்த நாளில் பயந்துபோய்த் தண்ணீரை அடித்தேன். அடிக்க அடிக்க அமிழ்ந்தேன். "உடம்ப உட்ரு கண்ணு, தண்ணி தாங்கும்" என்றார். விட்டேன், தாங்கியது. எப்போதோ படித்த பெருமாள்முருகனின் 'நீர் விளையாட்டு' பாதிதான் நினைவிருக்கிறது: பிள்ளைகளோடு விளையாடக் கிணற்றில் இறங்கியவனை அந்த விளையாட்டே மேலேற விடாமல் பிடித்துக்கொள்ளும். தாங்கும் தண்ணீர்தான் பிடித்தும் வைக்கும்.

உடற்பயிற்சிக் கூடத்துச் சக்கரம் எதிர்க்கிறது, ஆனால் ஏந்துவதில்லை. ஏந்துவது பெஞ்ச், அது ஒருபோதும் கைவிடாது. அப்படியானால் அந்தப் பையன் யாரிடம் மூச்சுக்கு அனுமதி கேட்டான்? உடம்பு தண்ணீரை நினைத்துக்கொண்டதா, பயிற்சியாளர் சொல்லித்தந்த அசைவு மட்டும்தானா? ஒருவேளை அவன் கிணற்றையே பார்த்திருக்க மாட்டான்.

தண்ணீரில்லாத இந்த நீச்சலைக் குறையென்று சொல்லத் தொடங்கும்போதெல்லாம் அக்கா நினைவு வருகிறது. அவளைக் கிணற்றில் இறங்க விட்டதே இல்லை. நாங்கள் குதிப்பதை மேட்டில் நின்றே பார்த்தாள். கிணற்றிலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கிப் போன பிள்ளைகளும் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பெஞ்சில் அக்காவும் படுத்திருக்கலாம். அங்கே யாரும் மூழ்கமாட்டார்கள். தாய் தகப்பனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனாலும், தன்னை ஒப்புக்கொடுத்தால் உலகம் தாங்கும் என்ற நம்பிக்கை, அது தாங்காமலும் போகலாம் என்ற இடத்தில்தான் எனக்கு வாய்த்தது. அந்த ஆபத்து இல்லாமல் அந்த நம்பிக்கையை ஒரு பிள்ளைக்குத் தர முடியுமா? முடிய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். முடியும் என்று சொல்லும் துணிவு இன்னும் வரவில்லை.