தண்டமும் கட்டணமும்

நான் வேலை செய்யும் ரொறன்ரோ உணவகத்துச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்யும் அண்ணை ஒருவர் கேட்டார்:

"தம்பி, கோட்டிலை தண்டம் கட்டிட்டன். ஒரு வருசம் பனிக்குள்ளை பஸ்ஸுக்கு நிண்டன். எல்லாம் முடிஞ்சுது எண்டு பாத்தால் இப்ப இன்சூரன்ஸுக்கு வீட்டு வாடகையின்ரை அரைவாசி கேக்கிறாங்கள். ஒரு பிழைக்கு எத்தினை தரம் தண்டனை?"

என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அவர் பிடிபட்டது ஸ்காபரோவில் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது. அந்த மண்டபத்தில் நானும் இருந்தேன்.

கனடாவில் 1969இலிருந்து இரத்தத்தின் 100 மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே குற்றத்தின் எல்லை. முதற்தடவை குற்றவாளியாகக் காணப்பட்டால் இன்று ஆகக்குறைந்த தண்டம் 1000 டொலர். ஒன்ராறியோவில் லைசென்ஸும் பறிபோகும். திரும்பக் கிடைத்தபின்னும் காரை இயக்கமுன் ஊதிக்காட்டும் கருவியைப் பூட்டவேண்டி வரும். வழமையான கம்பனிகள் கைவிட்டால் 'ஃபசிலிற்றி' என்ற கடைசிக் கதவு இருக்கிறது. மாகாணத்தில் வாகனக் காப்புறுதி விற்கும் கம்பனிகள் யாவும் அதில் அங்கத்தவராக இருக்கவேண்டும். அதனூடாக வரும் நட்டத்தை அவை பகிர்ந்துகொள்கின்றன. கட்டணம் மட்டும் மிக அதிகம்.

இது இரண்டாவது தண்டனையா? நான் அப்படி நினைக்கவில்லை. தண்டனை நடந்ததைப் பார்க்கிறது. காப்புறுதி நடக்கக்கூடியதைப் பார்க்கிறது. கட்டாயக் காப்புறுதியில் பிறருக்கு நேரும் பாதிப்புக்கென ஆகக்குறைந்தது 200,000 டொலர் இருக்கவேண்டும். அண்ணை மாதாமாதம் கட்டும் காசு, வீதியில் நடக்கும் முகம் தெரியாத ஒருவருக்கு அவர் கொடுக்கும் உத்தரவாதம். அந்த ஒருவர் இரவு வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும் எங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

ஆனாலும் "ஆபத்தானவன்" என்ற பட்டியலில் சேர்க்கப்படுவது எப்படி வலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பஸ்களில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அவர்கள் செய்த குற்றம் பிறப்பு. இங்கேயும் நாங்கள் குடியிருக்கும் இடத்தைப் பார்த்துக் கட்டணம் கூட்டுகிறார்கள். அதை அநியாயம் என்று நான் எங்கும் சொல்வேன். அண்ணையின் விடயம் வேறு. அவரை எடைபோட்டது அவரது சாதியையோ மொழியையோ வைத்து அல்ல, அவர் தன் கையால் செய்த செயலை வைத்து. எங்களுக்கு நேர்ந்த அநீதியை எங்கள் பிழைகளுக்குப் போர்வையாக்கினால், அந்த அநீதியைப் பற்றிப் பேசும் தகுதியையும் இழந்துவிடுவோம்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு. அன்றிரவு நானும் குடித்திருந்தேன். நானும் காரோட்டினேன். என் வழியில் பொலிஸ் நிற்கவில்லை.

பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் 1976இல் இதைப்பற்றி விவாதித்தார்கள். ஒரே பிழையைச் செய்த இருவரை அதிர்ஷ்டம் வெவ்வேறு மனிதர்களாக்கிவிடுமா? பாதியில் விட்ட பல்கலைக்கழகப் படிப்பில் இது எனக்கு வெறும் பரீட்சைக் கேள்வியாக இருந்தது. இப்போது அது என் பெயருக்கு வரும் காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. 'நல்ல சாரதி' என்று அதில் எனக்குக் கழிவு தந்திருக்கிறார்கள்.

ஆகவே அண்ணையின் கேள்வியை நான் இப்படித் திருப்பிப் போடுகிறேன். அவர் கூடக் கட்டுகிறார் என்பதல்ல இங்குள்ள அநீதி. நான் குறையக் கட்டுகிறேன் என்பதுதான். கம்பனிக்கு என்னைத் தெரியாது. எனக்கு என்னைத் தெரியும். அந்த மீதிக் கடனை எந்தப் பத்திரமும் கேட்கப்போவதில்லை, நானாகத்தான் கட்டவேண்டும்.

அடுத்த நாள் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப வாற சனிக்கிழமைக் கலியாணத்துக்கு ரெண்டு பேரும் பஸ்ஸிலை போவம்" என்றார்.

போனோம். திரும்பி வர இரண்டு மணித்தியாலம் பிடித்தது.