முதல் எழுத்து போன பெயர்கள்

அழித்தல் என்ற சொல்லை யோசனையின்றி உபயோகித்து வருகிறோம். பலகையைத் துடைப்பதும், காகிதத்தைக் கிழிப்பதும், கடிதத்தை அடுப்பில் போடுவதும் நமக்கு ஒரே வினைச்சொல்தான். துடைத்ததில் சுண்ணாம்புத் தடம் கொஞ்சம் மிஞ்சும். கிழித்ததைப் பொறுமை உள்ளவன் ஒட்டிவிடலாம். அடுப்பில் போட்டது போயிற்று. கம்ப்யூட்டரில் அழிப்பது இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று அழிக்கிறவர்களில் அநேகம் பேருக்குத் தெரியாது. அடுப்பில் போட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பழைய மெஷின்களோடு மாரடிக்கிற எனக்கு அது அப்படி இல்லை என்று தெரியும். இந்தத் தெரிதலால் எனக்கு நேர்ந்த ஒரு தர்மசங்கடத்தைப் பற்றியே எழுத உட்கார்ந்தேன்.

வத்திராயிருப்பு தாண்டிப் பிளவக்கல் அணைக்குப் போகிற ரோட்டில் என் வீடு. பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது பிழைப்பு. புதியவற்றைத் தொடுவதில்லை என்று வைராக்கியம் எதுவும் கிடையாது. புதியவை என்னிடம் வருவதில்லை, அவ்வளவுதான். ஒரு எடைமேடையின் மெஷின், தென்னந்தோப்புக் கணக்கு, ஜாதகம் கணிக்கிற ஒருவரின் பெட்டி, இப்படி. விண்டோஸ் 98-ஐ அதைச் செய்தவர்கள் 2006 ஜூலையோடு கைகழுவினார்கள். எக்ஸ்பியை 2014 ஏப்ரலில், பத்தாம் விண்டோஸை 2025 அக்டோபரில். கைகழுவப்பட்டவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. மலையடிவாரத்து ஈரம், கோடை இடி, பவர் சப்ளைக்குள் குடியேறும் சிற்றெறும்பு, இவற்றால்தான் பாதிப் பழுதுகள். மீதிப் பாதியில் பெரும்பங்கு, மெமரிக் கார்டைக் கழற்றி அதன் தங்கமுலாம் பல்வரிசையைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் தீர்ந்துபோகும். அழிரப்பரால் நினைவு திரும்புகிறதே என்று ஒரு நண்பர் இதை வைத்துக் கவிதை எழுதப் பார்த்தார். நல்லவேளை, எழுதவில்லை.

ஹார்ட் டிஸ்க் வேறு ஜாதி. 1956-ல் ஐ.பி.எம். செய்த முதலாவதில் இருபத்துநாலு அங்குல விட்டத்தில் 50 தட்டுகள்; மொத்தக் கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்து. இப்போது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டாலும் தத்துவம் அதேதான். காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தரம் சுழல, அதன்மேல் ஒரு தலை, தட்டைத் தொடாமல், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். தொட்டால் தட்டு கீறும். நோவு வந்த வட்டு தன் தடத்தைத் தேடும், கிடைக்காமல் ஆரம்ப இடத்துக்குத் திரும்பும், மறுபடி தேடும். ஒவ்வொரு திரும்புதலுக்கும் ஒரு 'டிக்'. சுவரில் பல்லி சொல்வது போலவே இருக்கும். இந்தப் பல்லிக்குப் பலன் ஒன்றே ஒன்றுதான், எந்தத் திசையில் சொன்னாலும்.

அழிப்புக்கு வருகிறேன். விண்டோஸ் 98 காலத்து வட்டில் ஒரு கோப்பை அழித்தால் நடப்பது இது: அட்டவணையில் அந்தக் கோப்பின் பெயரிலுள்ள முதல் எழுத்து போய், அந்த இடத்தில் ஒரு குறி விழும். கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் பரவிக் கிடக்கிறது என்ற சங்கிலி துடைக்கப்படும். கட்டங்களிலுள்ள எழுத்து அப்படியே கிடக்கும், வேறு ஏதாவது வந்து அதன்மேல் உட்காரும் வரைக்கும். அது நாளைக்கே நடக்கலாம். இருபது வருஷம் நடக்காமலும் இருக்கலாம். அணையில் மதகின் வாய்க்குக் கீழே கிடக்கிற தண்ணீரைப் பொதுப்பணித் துறைக்காரர்கள் டெட் ஸ்டோரேஜ் என்பார்கள். அது கணக்கில் உண்டு, பாசனத்துக்குக் கிடையாது. அழித்த கோப்பு அதற்கும் ஒருபடி கீழே, கணக்கிலும் இல்லாமல் கிடக்கிறது.

சென்ற வருஷம் ஒரு பையன் இப்படியொரு பெட்டியைக் கொண்டுவந்தான். பையன் என்கிறேனே தவிர நாற்பதை நெருங்குகிற வயது. அவன் அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுபத்திரிகைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அவர் கவிதைகள் வந்ததுண்டு. இந்தப் பக்கங்களின் வாசகர்கள் சிலர் படித்தும் இருக்கலாம். பெயர் வேண்டாம். அவர் தவறி ஆறு மாசம் ஆகியிருந்தது. "அண்ணாச்சி, அப்பா எழுதுனதெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. எடுத்துக் குடுத்தீங்கன்னா ஒரு புஸ்தகமாப் போட்டுருவேன்" என்றான். கரண்ட் கொடுத்தேன். பல்லி சொல்லிற்று.

இந்த இடத்தில் சாதாரணமாக எல்லோரும் செய்கிற தப்பு, வட்டைச் சரிசெய்ய முயல்வது. விண்டோஸ் 98 சரியாக அணைக்கப்படாமல் எழுந்தால் தானே ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டி, அறுந்த துண்டுகளைத் தன் இஷ்டத்துக்கு ஒழுங்குபடுத்தி வட்டிலேயே எழுதிவிடும். செத்துக்கொண்டிருப்பதன்மேல் எதையும் எழுதக்கூடாது. அதைப் படிக்க மட்டுமே செய்து, கட்டம் கட்டமாக வேறொரு வட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். சுலபமாகப் படிக்கக் கிடைப்பதை முதலில், அடம்பிடிக்கிற இடங்களைப் பிற்பாடு. குணப்படுத்துவதும் காப்பாற்றுவதும் வேறு வேறு காரியங்கள், சில சமயம் எதிரெதிரானவை என்பதை இந்தத் தொழிலில்தான் கற்றேன். மூன்று ராத்திரி ஓடியது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வந்துவிட்டது.

கவிதைகள் முப்பத்திரண்டு இருந்தன. இன்றைய மெஷினில் திறந்தால் அவை கவிதையாகவே தெரியாது. மேற்புள்ளியும் வால்களும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்களின் அலங்கோலம். விண்டோஸில் யூனிகோட் தமிழ் 2000-க்குப் பிறகு வந்த விஷயம். அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று தரம் நிர்ணயித்தார்கள். அதற்குள்ளும் பிறகும் டி.டி.பி. சென்டர்கள் தத்தம் வழியிலேயே போயின. இவர் உபயோகித்தது தட்டச்சு விசைப்பலகைக்கு ஒத்த ஒரு பழைய எழுத்துரு. அது என் சேகரிப்பில் இருந்தது. அதைப் போட்ட மாத்திரத்தில் அலங்கோலம் தமிழாயிற்று.

பிரதி எடுத்தால் அழித்தவையும் கூடவே வந்துவிடும். நான் தேடிப் போகவில்லை என்று சொல்லலாம். முழுக்க உண்மையாக இராது. மீட்பு நிரல் பட்டியல் போடுகிறபோது முதல் எழுத்து இல்லாத பெயர்களும் வரிசையில் நிற்கும், அதன் இடத்தில் கேள்விக்குறியோடு. பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். எட்டெழுத்துக்குள் எல்லாம் பெரிய எழுத்தில் பெயர் வைக்கிற டாஸ் காலத்துப் பழக்கம் அவருக்கு. ஆங்கில எழுத்துக்களில் 'அடி' என்று முடிகிற நான்கு கோப்புகள். ஒன்று முதல் நான்கு வரை எண். முதல் எழுத்து என்ன என்று நிரல் கேட்கிறது. 'கே' போட்டால் கடி, 'பி' போட்டால் படி, 'என்' போட்டால் நடி. நான் 'கே' போட்டேன். கடிதம் என்பதன் சுருக்கமாக இருக்கும் என்று ஊகம்.

மீண்டது சரியாக மீண்டதா என்று அறியத் திறந்து பார்த்தாக வேண்டும். அதிலும் தாய்மொழி எழுத்து கண்ணில் பட்டால் அதைப் படிக்காமல் இருக்க ஒருவனாலும் ஆகாது; பார்ப்பதும் படிப்பதும் அங்கே ஒரே கணம். நான்கும் மகனுக்கு எழுதியவை. சங்கிலி துடைபட்டுப் போனதால் இரண்டாவது, நாலாவது வரியில் தேங்காய்க் கணக்குக்குள் போய்விழுகிறது. (விமர்சக நண்பர்கள் சிலர் இதை ஒரு உத்தி என்று கொண்டாடியிருக்கக் கூடும்.) மூன்றாவதிலும் பாதிக்கு மேல் வேறு எதுவோ. நான்கில் ஒன்றுதான் முழுசாக இருந்தது. எதற்கு என்று நான் சொல்லப்போவதில்லை, ஒரு காரியத்துக்காக மகனிடம் மன்னிப்புக் கேட்கிறது அந்தக் கடிதம். அவன் பேச்சிலிருந்து, அப்படி ஒரு வார்த்தையை அப்பா தன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்று நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன்.

கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். நான்குக்கும் 1-1-1980. மதர்போர்டில் காலணா அகலத்தில் இருக்கிற பாட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும்; டாஸ் அறிந்த காலத்தின் தொடக்கம் அந்த நாள். ஆக, மகன் பிறப்பதற்கு முன்பே அப்பா அவனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று என்கிறது மெஷின். எண்ணை நம்பினால் ஒன்றிலிருந்து நாலு வரை வரிசை கட்டலாம். எழுதின வரிசை அது. அழித்த வரிசை தெரிய வழியில்லை.

இரண்டு நண்பர்களிடம், ஊர் பேர் சொல்லாமல், விஷயத்தை வைத்தேன். ஒருவர், வட்டு மகனுடைய சொத்து, அதில் உள்ளதெல்லாம் அவனுடையது, நீ கூலிக்காரன், கொடுத்துவிடு என்றார். சுத்தமான வாதம். வட்டு அவனுக்கு வாரிசுரிமையாக வருகிறது, வாஸ்தவம். ஆனால் ஒரு மனிதன் சொல்லி நிறுத்திக்கொண்ட வார்த்தைகளும், வேண்டாம் என்று வாபஸ் வாங்கிய வாபஸும் வாரிசுரிமையில் சேருமா? இன்னொருவர் எதிர்பார்த்தது போலவே காஃப்காவுக்குப் போனார். எரித்துவிடச் சொன்னதை மாக்ஸ் பிராட் எரித்திருந்தால் 1925-ல் 'விசாரணை' வந்திருக்குமா என்றார். இந்த உதாரணத்தை நாம் வெகு சுலபமாக எடுத்துவிடுகிறோம். காஃப்கா எரிக்கச் சொன்னது, எரிக்கமாட்டேன் என்று சொன்ன நண்பரிடம். பிராடின் சொல்லை நம்பினால் அதுதான் கதை. பிறரிடம் ஒப்படைத்த அழிவில் ஒரு தயக்கம் ஒளிந்திருக்கும். இவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. குப்பைத்தொட்டியில் போட்டு, மனசு மாறினால் எடுத்துக்கொள்ளலாம் என்று விடவும் இல்லை. ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு நேரே அழித்திருக்கிறார், நான்கு தடவையும். அது ஒரு தீர்மானம். அவர் அறிவின்படி அது அடுப்பு. அடுப்பாக இல்லாமல் போனது மெஷினின் சோம்பேறித்தனம். ஒரு சோம்பேறித்தனத்தைக் காரணம் காட்டி ஒரு மனிதனின் தீர்மானத்தைப் புரட்டலாமா?

எனக்குள்ளேயே ஒரு எதிர்க்குரல். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. அங்கே ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்குக் கிடைத்த பதில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்பது; 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. அதைப் படித்து வயிறு எரியாத தமிழன் இருக்கமுடியாது. கிடைத்ததையெல்லாம் காப்பாற்று என்பது அந்த எரிச்சலிலிருந்து நமக்கு வந்திருக்கிற மதம். நானும் அந்த மதத்தில் வளர்ந்தவன்தான். ஆனாலும் கரிவலத்தில் எரித்தவர்கள் ஏடு எழுதினவர்கள் அல்ல. எழுதினவனே எரித்ததை எடுப்பதற்கு ஐயரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

கவிதையாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை குழப்பம் வந்திராது, கொடுக்காமல் விட்டிருப்பேன். மோசமான கவிதைகளை அழிக்கிற உரிமையாவது கவிஞனுக்கு வேண்டும். நம்மில் பலர் அதை உபயோகிப்பதே இல்லை என்பது வேறு விஷயம். மன்னிப்பு வேறு. அது ஒரு எழுத்து என்பதைவிட ஒரு காரியம். ஒருவன் இன்னொருவன் முகத்துக்கு நேரே செய்தால்தான் அது நடந்ததாகும். எழுதி அனுப்பாத மன்னிப்பை நான் கொண்டுபோய்ச் சேர்த்தால், அவர் செய்யாத ஒரு காரியத்தை அவர் பேரில் நான் செய்கிறேன். கள்ளக் கையெழுத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? கேட்க நினைத்தார் என்றாவது சொல்லலாமே என்றால், நான்கு தரம் எழுதினார் என்பது எவ்வளவு நிஜமோ நான்கு தரம் அழித்தார் என்பதும் அவ்வளவு நிஜம். நாம் முதல் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறோம்.

இவ்வளவும் யோசித்து, முப்பத்திரண்டு கவிதைகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி அவனிடம் கொடுத்தேன். கூலி வாங்கிக்கொண்டேன். பழைய வட்டையும் பிரதியையும் பிறகு வந்து வாங்கிக்கொள் என்றேன். அது மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒரு மாசம் நின்றது. அதற்கப்புறம் வேறொன்று தட்டுப்பட்டது. என் மௌனத்தில் செத்தவருக்கான மரியாதை எவ்வளவு, கஷ்டமான ஒரு பேச்சைத் தவிர்த்துவிட்ட சௌகரியம் எவ்வளவு? அப்பாவும் அந்தச் சௌகரியத்தைத்தான் நான்கு தடவை தேர்ந்தெடுத்தார் என்றால், நான் அவர் விருப்பத்தைக் காப்பாற்றினேனா, அவர் கோழைத்தனத்துக்குத் துணை போனேனா? மேலும், செத்தவருக்கு இனி கஷ்டமில்லை. இருக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான். அப்பாவின் நாற்காலியைப் பற்றிப் பேசினால்கூடக் குரல் மாறுகிறவன்.

இந்தக் கேள்விக்கே ஆயுள் குறைவு என்பது இன்னொரு வினோதம். இப்போது வருகிற சுழலாத வட்டுகளில், அழித்த கட்டங்கள் இவை என்று மெஷினே வட்டுக்குச் சொல்லிவிடுகிறது. 2009-ல் ஏழாம் விண்டோஸிலிருந்து அப்படி. வட்டு அவற்றைத் தன் ஓய்வில் நிஜமாகவே காலி பண்ணிவிடும். அடுப்பு திரும்ப வந்துவிட்டது. காகிதத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு தலைமுறைக்குத்தான் அழித்தது அழியாமல் கிடந்தது. அதில் போய் அவர் மாட்டிக்கொண்டார், நானும்.

பையன் வட்டை வாங்க வந்தான். மழை விட்டிருந்த சாயங்காலம். கோவிலாறு நிரம்பிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம். புஸ்தகத்துக்கு முப்பத்திரண்டு போதுமா என்று கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லாமல், "அப்பா அழிச்சுப்போட்டது ஏதாச்சும் அதுல இருந்துச்சா அண்ணாச்சி?" என்றான்.

பொய் சொல்ல ஆயத்தமாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "இருந்தது தம்பி" என்றேன்.

"படிச்சீகளா?"

"படிச்சேன்."

என்ன என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வட்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், தேங்காயின் கண்ணைப் பார்க்கிற மாதிரி. பிரதி எடுத்ததையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். இதை எழுதலாமா என்று பிறகு போனில் கேட்டபோது, "என் பேரு வராம எழுதிக்கோங்க" என்றான், அவ்வளவே.

பிரதி இப்போது அவன் வீட்டு பீரோவில் இருக்கிறது. அந்த நான்கு கோப்புகளும் அதில் இருக்கின்றன, அலங்கோல எழுத்துக்களாக. அவற்றைத் தமிழாக்குகிற எழுத்துரு என்னிடம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இதுவரை கேட்கவில்லை.