ஷைத்தானுக்குத் துணை போகாதீர்!

 

அம்பத்தூரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின், ஒரு தாய் பள்ளிவாசல் வாயிலில் முகத்தை மறைத்தபடி நின்றார். "ஹஜ்ரத், என் புள்ளைக்கு ஒரு தாயத்து எழுதித் தாங்க" என்றார். விசாரித்தேன். மகன் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்த்தவன். உடல் அலுப்புக்கென்று கூட்டாளிகள் கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கி, இப்போது அதையே நீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறான். தகப்பனார் விரட்டிவிட்டார். எங்கே படுக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை.

போதை தருபவை ஹராம். அதில் ஐயமில்லை. ஆனால் அதில் விழுந்தவனை நாம் என்ன செய்கிறோம்?

நாயகம் (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் அப்துல்லாஹ் என்றொரு தோழர் இருந்தார். மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டனை பெற்றவர். ஒருவர் அவரைச் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று கூறி அண்ணலார் தடுத்துவிட்டார்கள். இதுபோன்ற மற்றொரு நிகழ்ச்சியில், சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். இரண்டும் புகாரி ஷரீபில் உள்ளவை. தண்டனை உண்டு, சாபம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஊசிக்கு அடிமையானவன் எப்போதும் இன்பத்திற்காக அதை எடுப்பதில்லை. போதை இறங்கினால் உடல் முறுக்கும், வயிறு கலங்கும், தூக்கம் போகும், பயமும் விரக்தியும் சூழும். அந்த வேதனைக்கு அஞ்சியே மீண்டும் எடுக்கிறான். பலருக்கு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கிறது. விரட்டப்பட்டவன் ஊசி வைத்திருக்கும் கூட்டாளியிடம்தானே போவான்? ஒரே ஊசியைப் பலர் போட்டால் எய்ட்ஸ் கிருமியும் ஈரலைக் கெடுக்கும் கிருமியும் தொற்றும். அறையில் பூட்டுவதும் சிகிச்சையன்று. சில நாள் விட்டிருந்தவன் வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்று இறக்கக்கூடும்.

நோய்க்கு மருத்துவம் செய்வது நாயகத்தின் போதனை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். நாக்கின் அடியில் வைக்கும் மருந்தை மருத்துவர் கொடுத்தால், "இதுவும் போதைதானே" என்று ஏசாதீர்கள். ஊசியிலிருந்து அவனை மீட்கும் மருந்து அது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அதை மூடி மறைக்காமல் 1980-ல் சென்னையில் சிகிச்சை நிலையமே தொடங்கினார். நாமோ மானத்திற்கு அஞ்சி மகனை மறைக்கிறோம்!

அந்தத் தாய்க்கு நான் தாயத்து எழுதவில்லை. துஆ செய்துவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் வழியை எழுதிக் கொடுத்தேன். தகப்பனாரிடமும் பேசினேன்: "கையில் காசு கொடுக்காதீர்கள், சோறு கொடுங்கள். கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்."

ஜமாஅத்தாரே! அவன் தொழ வந்தால் ஸஃப்பில் இடம் விடுங்கள். தேறி வந்தால் ஒரு வேலை தேடிக் கொடுங்கள். திருமறையின் 39-வது அத்தியாயம், 53-வது வசனத்தில், வரம்பு மீறியோரையும் தன் அடியார்கள் என்றே அழைக்கிறான் அல்லாஹ். அவனே அழைக்கும்போது விரட்ட நாம் யார்?

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் காப்பானாக! வழி தவறியோரை நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.